கசியாத நாளங்களின் சாட்சி

இருபது வயதைத் தாண்டிய ஓர் இளைஞருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்குகிறது. வலி இல்லை, கண் சிவக்கவில்லை, நீர் வடியவில்லை. எதிரே நிற்பவரின் காதும் தோளும் தெரிகின்றன. மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் புகைமூட்டம். சிவப்பு நிறம் வெளிறித் தெரிகிறது. கண்ணாடியை மாற்றிப் பார்க்கிறார்கள், பயனில்லை. சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், அடுத்த கண்ணும் அதே வழியில் போகிறது. ஓராண்டுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் இரண்டு கண்களிலும் மையப் பார்வை போய்விடுகிறது. லெபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோய் என்று மருத்துவம் அழைப்பது இதைத்தான்.

ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லெபர் 1871-ல் சில குடும்பங்களை வைத்து இந்த நோயை விவரமாக எழுதினார். (பிறவியிலேயே பார்வையைப் பாதிக்கும் இன்னொரு விழித்திரை நோய்க்கும் அவர் பெயர்தான். இணையத்தில் தேடுபவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம்.) இது தாய்வழியாக இறங்கும் நோய் என்பது குடும்ப வரைபடங்களிலிருந்தே புலப்பட்டது. காரணம் பிடிபட ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. 1988-ல் அமெரிக்காவில் டக்ளஸ் வாலஸ் குழுவினர், மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் 11778 என்ற இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். தாய்வழிப் பரம்பரை நோய் ஒன்றுக்குக் காரணமாக மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் ஒற்றை எழுத்து மாற்றம் பிடிபட்டது அதுவே முதல் முறை. பின்னர் 3460, 14484 என்ற இரண்டு இடங்களும் சேர்ந்தன. ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளில் சுமார் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த மூன்றில் ஒன்று இருக்கும்.

மைட்டோகாண்ட்ரியா செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் உறுப்பு. அதில் கோளாறு என்றால் அதிக ஆற்றல் கேட்கும் நரம்பு முதலில் சாக வேண்டும் என்பது புரிகிறது. விழித்திரையின் கேங்கிலியான் செல்களில், மையப் பார்வையைச் சுமக்கும் மெல்லிய இழைகள்தான் முதலில் சாகின்றன. இதுவரை கணக்கு சரி. ஆனால் கண்ணுக்குள் எட்டிப் பார்த்த மருத்துவர்களின் கவனத்தை முதலில் இழுத்தது நரம்பு அல்ல, இரத்த நாளங்கள். நரம்பு நோயில் நாளங்களுக்கு என்ன வேலை? இந்தக் கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. கடந்த பத்தாண்டுகளில் வந்த புதிய படக்கருவிகள் அதைத் தீர்த்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். எவ்வளவு தூரம் தீர்த்தன என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

நாளங்களை வைத்து இந்த நோயைக் கண்டுபிடிக்கலாம் என்பதை 1973-ல் அமெரிக்க நரம்புக் கண் மருத்துவர்கள் லாட்டன் ஸ்மித், ஹாய்ட், சூசக் மூவரும் ஒரு கட்டுரையில் நிலைநாட்டினார்கள். நோய் புதிதாகத் தாக்கும்போது மூன்று அடையாளங்கள் தெரியும் என்றார்கள். முதலாவது, பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டத்தைச் சுற்றி நுண்நாளங்கள் விரிந்து, நெளிந்து, சுருண்டு கிடக்கும். இரண்டாவது, அந்த வட்டத்தைச் சூழ்ந்த நரம்பிழைப் படலம் வீங்கியதுபோல் தடித்திருக்கும். மூன்றாவதுதான் முக்கியம்: கையில் சாயம் ஏற்றிப் படம் எடுத்தால் அந்த நாளங்களிலிருந்து சாயம் கசியாது. அழற்சியாலோ மூளை அழுத்தத்தாலோ நரம்பு வீங்கினால் சாயம் கசிந்து வட்டம் முழுவதும் ஒளிரும். லெபர் நோயில் வீக்கம் இருக்கும், கசிவு இருக்காது.

சாயப் படத்துக்கும் ஒரு சுவையான வரலாறு உண்டு. 1961-ல் அதை மனிதக் கண்ணில் வெற்றிகரமாகச் செய்து வெளியிட்டவர்கள் பெரிய பேராசிரியர்கள் அல்ல. இண்டியானா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த நொவோட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள். அவர்கள் கட்டுரை வந்ததும் கண் மருத்துவ இதழில் அல்ல, இரத்த ஓட்டம் பற்றிய இதழில். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு விழித்திரை நாளங்களைப் பார்க்க அதுவே ராஜபாட்டை. முழங்கைச் சிரையில் ஃப்ளோரசீன் என்ற சாயத்தை ஏற்றுவார்கள். சில நொடிகளில் அது கண்ணுக்குள் வந்து, நீல ஒளியில் பச்சையாக மின்னும். சிலருக்குக் குமட்டும், தோல் மஞ்சளாகும், அன்று முழுக்கச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். மாதா மாதம் செய்துபார்க்கும் சோதனை அல்ல இது.

இன்னொரு குறையும் அதற்கு இருந்தது. நரம்பு வட்டத்தைச் சுற்றி, நரம்பிழைகளோடு இணையாக நீண்டு ஓடும் மிக மெல்லிய தந்துகிகளின் படலம் ஒன்று உண்டு. பால் ஹென்கின்ட் 1967-ல் அதை விவரித்தார். லெபர் நோய் முதலில் கை வைப்பது அந்த இழைகளைத்தான், அவற்றுக்கு ஊட்டம் தருவது அந்தத் தந்துகிகள்தான். ஆனால் அடியில் இருக்கும் பெருநாளங்களின் ஒளியில் மேலே இருக்கும் இந்தப் படலம் சாயப் படத்தில் கரைந்துபோகும். பார்க்க வேண்டியது எதுவோ அதுவே தெரியாத நிலை.

இந்த முட்டுக்கட்டையை நீக்கியது ஓசிடி ஆஞ்சியோகிராபி. ஓசிடி என்பது ஒளியைக் கொண்டு திசுவை அடுக்கடுக்காக அறுக்காமலே பார்க்கும் முறை. 1991-ல் எம்ஐடியில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ குழுவினர் அதை அறிமுகம் செய்தார்கள். இன்று நம் ஊர் கண் மருத்துவமனைகளில் சர்க்கரை நோயாளிகளுக்குச் சாதாரணமாக எடுக்கும் ஸ்கேன் இது. அதே டேவிட் ஹுவாங் ஒரேகானில் யாலி ஜியாவோடு சேர்ந்து 2012-ல் வெளியிட்ட கணக்குமுறை, ஓசிடியை நாளப் படமாக மாற்றியது. 2015-ஐ ஒட்டி இந்த வசதியுள்ள கருவிகள் சந்தைக்கு வந்தன.

தத்துவம் எளியது. மொட்டை மாடியிலிருந்து ஒரு தெருவை அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்தால், சுவர்களும் மரங்களும் பொருந்திவிடும், ஓடும் வண்டிகள் மட்டும் பொருந்தாது. கருவி ஒரே கோட்டை நொடியின் சிறு பகுதிக்குள் மறுபடி மறுபடி வருடுகிறது. அசையாத திசு மாறாமல் இருக்கிறது. ஓடும் சிவப்பணுக்கள் இருக்கும் இடம் மட்டும் மாறுகிறது. மாறிய இடங்களை எல்லாம் வெள்ளையாகவும் மாறாததைக் கறுப்பாகவும் காட்டினால் நாளங்களின் வரைபடம் கிடைத்துவிடுகிறது. ஊசி இல்லை, சாயம் இல்லை, சில நொடிகளில் முடிந்துவிடும். எந்த ஆழத்தில் எந்த நாளம் ஓடுகிறது என்பதையும் பிரித்துக் காட்டும். ஹென்கின்ட் சொன்ன அந்த மெல்லிய படலம் உயிருள்ள நோயாளியின் கண்ணில் இழை இழையாகத் தெரிந்தது. பிறகு மென்பொருள் அந்தப் படத்தில் எத்தனை சதவீதப் பரப்பை நாளங்கள் அடைத்திருக்கின்றன என்று எண்ணிச் சொல்லும். நாள அடர்த்தி என்கிறார்கள் அதை.

போலோன்யா ஆய்வாளர்கள் உட்பட இத்தாலியக் குழுக்களும், பிராக், ஜப்பான், அமெரிக்கக் குழுக்களும் லெபர் நோயாளிகளை இந்தக் கருவி முன் உட்கார வைத்தார்கள். கிடைத்த விவரங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. நோய் தாக்கிய தொடக்கத்தில் வட்டத்தைச் சுற்றிய நாளங்கள் விரிந்திருக்கின்றன. அதே சமயம் காதுப் பக்கம் உள்ள துண்டில், அதாவது மையப் பார்வை இழைகள் வந்து சேரும் இடத்தில், தந்துகிகள் மெலிய ஆரம்பிக்கின்றன. மாதங்கள் போகப் போக மெலிவு கீழும் மேலும் பரவி, கடைசியில் மூக்குப் பக்கத்தையும் எட்டுகிறது. நாள்பட்ட நிலையில் வட்டத்தைச் சுற்றி எங்கும் நாளங்கள் அருகிப்போய், வட்டம் வெளிறிக் கிடக்கிறது. விழித்திரையின் நடுப் பகுதியிலும் மேல் அடுக்கு நாளங்கள் குறைகின்றன. ஆழ அடுக்கில் இழப்பு பொதுவாகக் குறைவு. நோய் கேங்கிலியான் செல்களைத் தாக்குவது, அவை மேல் அடுக்கில் இருப்பவை என்பதோடு இது பொருந்துகிறது.

இதில் மருத்துவருக்கு உண்மையில் உதவும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. நோயின் தொடக்கத்தில் நரம்பிழைப் படலம் வீங்கித் தடித்திருக்கும் என்று பார்த்தோம். எனவே சாதாரண ஓசிடி எடுத்துப் படலத்தின் தடிமனை அளந்தால், நரம்பு செத்துக்கொண்டிருக்கும்போதே அளவு இயல்பாகவோ அதைவிடக் கூடுதலாகவோ வரும். ரிப்போர்ட்டில் பச்சை நிறம் பார்த்து, நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. வீக்கம் ஏமாற்றும் அந்த இடைக்காலத்தில் காதுப் பக்கத் தந்துகிகளின் மெலிவு உண்மையைச் சொல்கிறது. ஆனால் அந்தப் பெருமை நாளங்களுக்கு மட்டும் உரியதல்ல. விழித்திரை நடுவில் கேங்கிலியான் செல் அடுக்கும் பார்வை மங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மெலியத் தொடங்குவதாக இத்தாலியக் குழு காட்டியிருக்கிறது. அந்த அளவைப் பெரும்பாலான ஓசிடி கருவிகள் ஏற்கெனவே தருகின்றன. நாளப் படம் இல்லாத ஊரில் அதைப் பார்த்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

இனி பழைய வழக்குக்கு வருவோம். நாளங்கள் கெட்டதால் நரம்பு செத்ததா, நரம்பு செத்ததால் நாளங்கள் மெலிந்தனவா?

நாளங்களின் பக்கம் வாதாட ஆதாரம் இருக்கிறது. 1980-களில் பின்லாந்தில் ஈவா நிகோஸ்கெலைனன், நோயாளிகளின் தாய்வழி உறவினர்களைப் பரிசோதித்தார். பார்வையில் எந்தக் குறையும் இல்லாத சிலருக்கும் வட்டத்தைச் சுற்றி நுண்நாளங்கள் நெளிந்து விரிந்திருந்தன. அவர்களில் சிலர் பின்னர் நோயாளி ஆனார்கள். மற்றவர்கள் அந்த நாளங்களோடு நல்ல பார்வையுடனேயே வாழ்ந்தார்கள். பிரேசிலில் இத்தாலிய வம்சாவளியான, 11778 மாற்றத்தைச் சுமக்கும் மிகப் பெரிய குடும்பம் ஒன்றைப் பன்னாட்டுக் குழு 2001 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து சென்று ஆராய்ந்தபோதும், பார்வை கெடாத உறவினர்களிடம் இத்தகைய மாற்றங்கள் தென்பட்டன. நோய் வருமுன்பே நாளம் மாறுகிறது என்றால், நாளச் சுவரின் செல்களிலும் அதே பழுதான மைட்டோகாண்ட்ரியாதானே இருக்கிறது என்று கேட்பது நியாயம். வீங்கிய நரம்பிழைகள் தந்துகிகளை நசுக்கித் தேக்கத்தை உண்டாக்கலாம் என்ற கருத்தும் இருக்கிறது.

எதிர்த்தரப்பின் கை ஓங்கியிருப்பதாகவே தோன்றுகிறது. செல் இறந்தால் அது கேட்ட ஆக்சிஜனும் தேவைப்படாது. தேவை குறைந்தால் நாளம் தானாகச் சுருங்கும். கிளாக்கோமா, நரம்பு அழற்சி, அடிபட்ட நரம்பு என எந்தக் காரணத்தால் பார்வை நரம்பு மெலிந்தாலும் நாள அடர்த்தி குறைகிறது. லெபர் நோயிலும் எங்கே நரம்பிழை போனதோ அங்கேயே, ஏறக்குறைய அதே வரிசையில், நாளமும் போகிறது. 2014-ல் டென்மார்க்கிலிருந்து வந்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவாகப் பேசியது. வேறொரு பரம்பரை நரம்பு நோயாளிகளை அது எடுத்துக்கொண்டது. கேங்கிலியான் செல் அடுக்கு எவ்வளவு மெலிந்திருக்கிறதோ அவ்வளவுக்கு விழித்திரை நாளங்களும் குறுகியிருந்தன. நோயே இல்லாதவர்களிடமும் அதே உறவு காணப்பட்டது. நாளம் நரம்பின் தேவைக்கு ஏற்பத் தன்னை அளந்துகொள்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் கிடைப்பது அரிது.

அந்த வேறொரு நோய், ஆட்டோசோமல் டாமினன்ட் வகைப் பார்வை நரம்பு மெலிவு. 1959-ல் டென்மார்க்கின் பவுல் கியர் பல குடும்பங்களைத் தேடிப் பிடித்து எழுதியதால் அவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. 2000-ல் ஓபிஏ1 என்ற மரபணு சிக்கியது. அதுவும் மைட்டோகாண்ட்ரியாவைப் பராமரிக்கும் புரதத்துக்கான மரபணுதான். ஆனால் செல்லின் உட்கருவில் இருப்பதால் அப்பா வழியாகவும் வரும், அம்மா வழியாகவும் வரும். பள்ளி வயதில் பார்வை மெல்ல மெல்லக் குறையும். கரும்பலகை தெரியவில்லை என்று குழந்தை சொல்லும். கண்ணாடி போட்டும் சரியாகாது. இதில் லெபர் நோயின் நெளிந்த நாளங்கள் இல்லை, வீக்கம் இல்லை. காதுப் பக்கம் வட்டம் வெளிறியிருக்கும், அங்கே தந்துகிகளும் அருகியிருக்கும், அவ்வளவுதான். இரண்டு நோயிலும் அடிப்படைக் கோளாறு மைட்டோகாண்ட்ரியாவில், சாவதும் அதே இழைகள். ஆனால் ஒன்றில் நாளங்கள் ஆர்ப்பாட்டம் செய்கின்றன, மற்றதில் அரவமே இல்லை. மெதுவான சாவுக்கும் திடீர்ச் சாவுக்கும் உள்ள வேறுபாடே இது என்று சொல்லிப் பார்க்கலாம். லெபர் நோயில் பார்வை கெடாத உறவினர்களிடமும் நாளம் நெளிந்திருப்பது அந்த விளக்கத்துக்குள் அடங்க மறுக்கிறது. வழக்கு முழுதாக முடியவில்லை என்று மேலே சொன்னது இதனால்தான்.

படம் அழகாக இருப்பதால் அது சொல்வதெல்லாம் உண்மை என்று நம்பிவிடுவதில் ஆபத்து இருக்கிறது. ஸ்கேன் அறையில் நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். தாடையை வைத்து, நெற்றியை ஒட்டி உட்கார்ந்ததும் டெக்னீஷியன் சொல்வார், “தம்பி, உள்ளே ஒரு சிலுவைக் குறி தெரியுதா, அதையே பாருங்க, கண்ணை அசைக்காதீங்க.” மையப் பார்வை போனவருக்கு அந்தக் குறிதான் தெரியாது. “தெரியலையே அண்ணா” என்பார். கண் தேடி அலையும். கண் அலைந்தால் அசையாத திசுவும் அசைந்ததாகக் கருவி எண்ணிக்கொள்ளும். படத்தில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழும், நாளம் ஒடிந்து இரண்டாகத் தெரியும். மற்ற கண்ணுக்கு எதிரே விளக்கைக் காட்டி நிலைப்படுத்துவது, குறியைப் பெரிதாக்குவது என்று அனுபவசாலிகள் ஏதேதோ செய்து ஒப்பேற்றுவார்கள். எந்த நோயாளிக்குப் படம் மிகவும் தேவையோ அவருக்கே படம் மிக மோசமாக வருகிறது.

வேறு கோளாறுகளும் உண்டு. மேலே ஓடும் நாளத்தின் நிழல் கீழ் அடுக்கில் பொய்யான நாளமாக விழும். வீங்கிய வட்டத்தில் அடுக்குகளின் எல்லையைக் கருவி தப்பாகக் கோடு போடும். பெரிய நாளங்களைக் கழித்துக் கணக்கிட்டதா, சேர்த்துக் கணக்கிட்டதா என்பதைப் பொறுத்து எண் மாறும். ஒரு கம்பெனியின் கருவியில் வந்த நாள அடர்த்தியை இன்னொரு கம்பெனியின் கருவியோடு ஒப்பிட முடியாது. போன மாதம் ஓரிடத்திலும் இந்த மாதம் இன்னோரிடத்திலும் எடுத்துவிட்டு, குறைந்துவிட்டது என்று பதறுவதில் அர்த்தமில்லை. ஓட்டம் ஓர் அளவுக்குக் கீழே மந்தமானால் கருவிக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே படத்தில் கறுப்பாக இருப்பது நாளம் அழிந்த இடமா, ஓட்டம் மந்தமான இடமா என்று சொல்வதற்கில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்மித் குழுவினர் சொன்ன மூன்றாவது அடையாளத்தை, கசிவு இல்லை என்பதை, இந்தக் கருவியால் சோதிக்கவே இயலாது. ஓடுவதை மட்டும் காணும் கருவிக்குக் கசிந்து தேங்குவது புலப்படாது. சந்தேகம் வலுத்தால் இன்றும் பழைய சாய ஊசியைத்தான் எடுக்க வேண்டும்.

ஆய்வுகளின் அளவும் சிறியது. வடகிழக்கு இங்கிலாந்தில் கணக்கெடுத்தபோது லெபர் நோயால் பார்வை இழந்தவர்கள் சுமார் 31,000 பேருக்கு ஒருவர் என்று தெரிந்தது. இவ்வளவு அபூர்வமான நோயில், அதிலும் தாக்கிய முதல் சில வாரங்களுக்குள் வருபவர்களைச் சேர்ப்பது குதிரைக்கொம்பு. ஒவ்வொரு கட்டுரையிலும் சில பத்துப் பேர்தான் இருப்பார்கள். பலவற்றில் ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்க்காமல், வெவ்வேறு கட்டத்தில் இருக்கும் வெவ்வேறு நோயாளிகளை வரிசைப்படுத்திக் கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு மனிதரின் கண்ணும் பிறப்பிலேயே வேறு நாள அமைப்பைக் கொண்டது என்பதால் அது போதாது. முதலாம் நாளிலிருந்து ஓராண்டு வரை அதே கண்ணைத் தொடரும் ஆய்வுகளுக்கே எடை அதிகம் கொடுக்க வேண்டும்.

சிகிச்சை வந்துவிட்டதால் இந்த அளவீடுகளுக்கு அவசரமும் வந்திருக்கிறது. ஐடிபினோன் மாத்திரையை 85 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2011-ல் வெளியானது. முதன்மை இலக்கை அது எட்டவில்லை. ஆனாலும் சில பிரிவினரிடம் பலன் தெரிந்ததால் ஐரோப்பிய ஆணையம் 2015-ல் விசேஷ நிபந்தனைகளோடு அனுமதி அளித்தது. மரபணு சிகிச்சைச் சோதனைகளில் விசித்திரம் நடந்தது. ஒரு கண்ணில் மருந்து செலுத்தி, மற்றக் கண்ணில் செலுத்துவதுபோல் பாவனை மட்டும் செய்து ஒப்பிட நினைத்தார்கள். இரண்டு கண்ணுமே ஓரளவு தேறின. ஒப்பிட வைத்த கண்ணே கைவிட்டுவிட்டதால், பார்வை அட்டையைத் தாண்டி நரம்பையும் நாளத்தையும் நேரடியாக அளக்கும் எண் வேண்டும் என்ற குரல் வலுக்கிறது. அங்கேயும் ஒரு வேகத்தடை: தேறியவர்களின் பார்வை மேம்பட்டாலும் மெலிந்த நரம்பிழைப் படலம் மெலிந்தபடியே இருக்கிறது. மிஞ்சிய இழைகள் எவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன என்பதைத் தடிமன் சொல்லாது. நாள அடர்த்தி சொல்லும் என்பதற்கு இன்னும் போதிய சான்று இல்லை.

நம் நாட்டுக்கு இந்த ஆராய்ச்சி தூரத்து விஷயம் அல்ல. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் மரபியல் பிரிவினர் இந்திய நோயாளிகளிடம் தேடி 2010-ல் வெளியிட்ட முடிவுப்படி, அந்தப் பிரபலமான மூன்று மாற்றங்கள் இங்கே மேலை நாட்டைவிடக் குறைவாகவே கிடைத்தன. மூன்றையும் சோதித்து இல்லை என்று ரிப்போர்ட் வந்தால், லெபர் நோயே இல்லை என்று இங்கே முடிவுகட்ட முடியாது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. முழுவதையும், சில சமயம் உட்கரு மரபணுக்களையும் படிக்க வேண்டியிருக்கும். அதற்கு நாளும் பணமும் ஆகும். அந்த இடைவெளியில் கண்ணின் படமே வழிகாட்டி. வலியில்லாத பார்வை இழப்பு, வீங்கிய வட்டம், நெளிந்த நாளங்கள், காதுப் பக்கம் அருகிய தந்துகி, சாயம் ஏற்றினால் கசிவு இல்லை: இவை ஒன்றுசேர்ந்தால், நரம்பு அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்காமல் நிறுத்தி யோசிக்கலாம். நாளப் படத்தின் நிச்சயமான பயன் இன்றைய நிலையில் இதுதான். நோயின் மூலத்தை அது சொல்லவில்லை, சிகிச்சையின் பலனை அளக்கவும் இன்னும் தயாராகவில்லை. சரியான சந்தேகத்தைச் சரியான வாரத்தில் எழுப்பும் வேலையை நன்றாகச் செய்கிறது.

குடும்பத்தினர் செய்யக்கூடியதும் இரண்டு உண்டு. மாற்றத்தைச் சுமக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. 125 குடும்பங்களைச் சேர்ந்த 402 பேரைப் பரிசீலித்து 2009-ல் வெளியான ஆய்வில், அந்த மாற்றத்தைச் சுமந்த ஆண்களில் புகைபிடித்தவர்களில் 93 சதவீதம் பேருக்குப் பார்வை போயிருந்தது. தாய்வழியில் இந்த நோய் இருக்கும் வீட்டுப் பையன்கள் பீடி சிகரெட்டைத் தொடவே கூடாது. இன்னொன்று, இளம் வயதில் யாருக்காவது வலியில்லாமல் பார்வை மங்கி டாக்டரிடம் போகும்போது, சின்ன வயதிலேயே பார்வை இழந்த தாய்மாமனோ அம்மாவின் தாய்மாமனோ உண்டா என்று பாட்டியிடம் கேட்டுக்கொண்டு போய், டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.